வேன் வேண்டாம் என்று சொன்ன வருடம்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவர் லோரியில் கெலிண்டானாக இருந்தார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், போகிற இடத்தில் மூட்டை இறக்குகிற வேலை. ஒரு நாள் சிமெண்டு மூட்டையோடு பலகையிலிருந்து வழுக்கி விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் பாயை விட்டு எழவில்லை. எழுந்த பிறகும் தூக்குகிற வேலை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர். கிடங்கு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்காரவைத்தார். சம்பளம் மட்டும் பாதியானது.

மூத்தவள் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பையன் ஒன்றாம் ஆண்டு. கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது.

குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்தேன். பாசார் மூடுகிற நேரம் பார்த்துப் போய், அடிபட்ட தக்காளியும் மீன் தலையும் வாங்கிவந்தேன். கோழி மாதத்துக்கு ஒரு தடவை என்றானது. பால் டின்னில் சின்னது வாங்கினேன். அது சீக்கிரம் தீர்ந்து, கடைசியில் செலவு கூடத்தான் ஆனது என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வாடகையையும் விளக்குக் காசையும் தொட முடியாது. அரிசியைத் தொட மாட்டேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணன் கீழே படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"அக்கா, அடுத்த மாசத்திலேர்ந்து பிள்ளைக்கு வேன் காசு நாலு வெள்ளி கூட. பெட்ரோல் ஏறிடுச்சு லா, நான் என்ன செய்ய?"

"அப்போ அடுத்த மாசத்திலேர்ந்து என் பிள்ளைங்க வரமாட்டாங்க அண்ணே" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

வீட்டுக்குள் வந்து கணவரிடம் சொன்னேன். அவர் இடுப்புக்குப் பின்னால் தலையணையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எப்படிப் போவாங்க?"

"நடந்து. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எவ்வளவு தூரம்னு தெரியுமா உனக்கு?"

"இல்ல. நாளைக்குத் தெரிஞ்சிடும்."

அவர் தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சின்னத விட்டுட்டுப் போ. என்னால தூக்கத்தான் முடியாது, பார்த்துக்க முடியும்" என்றார்.

முதல் நாள் பெரிய சாலை வழியாகவே போனோம். ஐம்பது நிமிடம் ஆனது. வாசலில் நின்ற ஆசிரியர் பிள்ளைகள் இருவர் பெயரையும் தாமதப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பையன் அழுதுகொண்டே உள்ளே போனான். நான் வெளியே நின்றபடி பார்த்தேன். அவனுடைய வெள்ளைக் காலணி முழுக்க சேறு.

மறுநாள் அவர்களைப் பள்ளியில் விட்டபின் நான் நேராக வீட்டுக்குத் திரும்பாமல் வேறு வழி தேடி நடந்தேன். சீனர் காப்பிக் கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. அது ஒரு பெரிய லோங்காங்கில் போய் முடிந்தது. ஆள் ஆழத்துக்கு சிமெண்டு போட்ட மழைநீர்க் கால்வாய் அது. குறுக்கே நாலு பலகை போட்டு யாரோ பாலம் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டினால் எங்கள் அடுக்குமாடியின் பின்பக்கம். முப்பத்திரண்டு நிமிடம். காலணிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகள் சிலிப்பரில் நடப்பார்கள், காலணி பிளாஸ்டிக் பையில் வரும். பள்ளி வாசலில் ஈரத்துணியால் காலைத் துடைத்து மாட்டிவிடுவேன்.

ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு மூத்தவள் காலையில் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள்.

"என்ன, வயித்து வலியா?"

"வேன் நம்மளத் தாண்டிப் போகும்போது எல்லாரும் ஜன்னல்ல கை ஆட்டுறாங்கம்மா. சிரிக்கிறாங்க."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. நம் நிலைமை இது என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் விளக்கினால் மட்டும் அந்தக் கைகள் ஆடாமல் இருந்துவிடுமா? அன்றைக்கு அவளை எப்படியோ சமாதானம் செய்து அனுப்பினேன். அடுத்த நாளிலிருந்து இருபது நிமிடம் முன்னாலேயே கிளம்பினோம். விடிந்திருக்காது, கையில் டார்ச் இருக்கும். வேன் எங்கள் அடுக்குமாடியை விட்டுப் புறப்படும்போது என் பிள்ளைகள் பள்ளி வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். முதல் மாடியில் இருந்த ஒரு பெண் மேலே ஏறி வந்தாள். எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் காலை ஷிப்டு வேலை செய்பவள்; மகள் இரண்டாம் ஆண்டு படித்தாள்.

"அக்கா, என் மகளையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறீங்களா? வேனுக்குக் கட்டுறதுல பாதி தரேன்."

"நடக்கிறதுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்றேன்.

உள்ளே இருந்து என் கணவர் குரல் வந்தது. "வாங்குவாங்க."

அவர் சொன்னதில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் பள்ளி மூடுவதற்குள் என் பிள்ளைகள் இருவரையும் சேர்த்து எட்டுப் பேர். துணி காயப்போடும் நைலான் கயிற்றில் முடிச்சுகள் போட்டு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கச் சொன்னேன். மூத்தவள் முன்னால், நான் பின்னால். மதியம் கணவர் கிடங்கில் இருப்பதால், திரும்பக் கூட்டிவரும்போது கடைக்குட்டி என் இடுப்பில் இருப்பாள். அந்த வெயிலை நினைத்தால் இப்போதும் எனக்கு உச்சந்தலை சுடுகிறது. ஆனால் அந்தக் காசில் அரிசியும் பெரிய டின் பாலும் வந்தன.

வேன் அண்ணனுக்கு அது பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. "என் பொழப்புல கை வைக்கிறீங்க அக்கா" என்று நேராகவே சொன்னார். "எனக்கும் பிள்ளைங்க இருக்கு அண்ணே. உங்களுக்கு இஞ்சின் இருக்கு, எனக்குக் கால்தான் இருக்கு" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பார்த்தாலும் பேசமாட்டார்.

அடுத்த வருடம் ஒரு காலை நடந்ததை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். விடிவதற்கு முன்பிருந்தே பேய்மழை. அன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை. குடையும் பிளாஸ்டிக் உறையுமாக எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு லோங்காங்குக்கு வந்தபோது, தண்ணீர் பலகைகளின்மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. பலகை கண்ணுக்குத் தெரிந்தது. கணுக்கால் தண்ணீர்தான். திரும்பிச் சாலை வழியாகப் போனால் கட்டாயம் தாமதம்.

"அங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நான் காலை வைத்தேன். முதல் பலகை அசையவில்லை. இரண்டாவது பலகை என் காலடியில் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. பின்னால் சாய்ந்து கரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன், அந்தப் பலகை கழன்று போய்விட்டது. அவ்வளவு பெரிய பலகை ஒரு தீக்குச்சியைப் போல உருண்டுகொண்டு போனது.

எழுந்து பிள்ளைகளை இன்னும் பின்னால் தள்ளி நிறுத்தினேன். முதல் பலகை நன்றாக இருக்கிறதே என்று நான் ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தால்? அதில் ஆறு பேர் மற்றவர்களின் பிள்ளைகள். அவர்களின் அம்மாக்கள் எனக்குத் தந்தது நடப்பதற்கான காசு இல்லை என்று அந்தக் கரையில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

திரும்பிச் சாலைக்கு வந்தோம். பாதி தூரத்தில் வேன் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. அண்ணன் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க லா, பிள்ளைங்க நனையுது. ஆளுக்கு ஐம்பது காசு."

"எட்டுப் பேருக்கும் மூணு வெள்ளி" என்றேன். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு பேரம் பேசினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நீங்களும் ஏறுங்க" என்றார். இறங்கும்போது மழை நாளெல்லாம் அதே மூன்று வெள்ளி என்று முடிவாகியிருந்தது.

அன்று மாலை ஒவ்வொரு வீட்டிலும் போய் நடந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்றுதான் கணவர் சொன்னார். "பிள்ளைங்களே சொல்லிடும். நானே சொல்றது மேல்" என்றேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். முதல் மாடிப் பெண் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவள் மகள் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். நாங்கள் சாலை வழியாகவே நடந்தோம், இன்னும் சீக்கிரமாகக் கிளம்பி. நகராட்சி ஆட்கள் வந்து கம்பி வைத்த பாலம் போடும்வரை அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. ஆறு வாரம் கழித்து ஒரு காலை, கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சின்னப்பெண் புத்தகப் பையோடு வந்து நின்றாள். அவள் அம்மா படிக்கட்டில் நின்று, "பார்த்துக் கூட்டிட்டுப் போங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

பையன் மூன்றாம் ஆண்டு முடிக்கும் சமயத்தில் கணவருக்குக் கிள்ளானில் வேறொரு கிடங்கில் வேலை கிடைத்தது. வருகிற போகிற சரக்கை எழுதிவைக்கிற வேலை, தூக்க வேண்டியதில்லை. சம்பளம் பழையபடி ஆகவில்லை, பக்கத்தில் வந்தது. அந்தச் சமயம் முதல் மாடிப் பெண்ணின் தொழிற்சாலையில் ஆள் குறைத்து அவளை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் குடிமாறுவதால், கூட்டிப்போன மற்ற பிள்ளைகளை அவளிடமே ஒப்படைத்தேன். ஒரு வாரம் என்னோடு நடந்து பழகிக்கொண்டாள்.

கிள்ளானில் வாடகை கூட. வந்த மூன்றாம் நாளே புதுப் பள்ளியின் கேண்டீனில் போய் வேலை கேட்டேன். அதை நடத்திய அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "இதுக்கு முன்னால எங்க வேலை செஞ்சே?" என்றார்.

"வீட்டுல. அஞ்சு மணிக்கு எழுந்து சமைச்சு, பிள்ளைங்கள நேரத்துக்கு அனுப்பியிருக்கேன்."

"எத்தனை பிள்ளைங்க?"

"எட்டு."

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.