ஃபெரியில் முடிச்சுப் போட்டவர்

குழந்தைக்குத் தினமும் ஊசி போட வேண்டியிருந்த வாரத்தில், அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாம் போகும் ஃபெரியில் ஒரு விளையாட்டு டீச்சரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த நீண்ட கைகள், வளையல் கிடையாது. உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றில் முடிச்சுப் போடுவார். பாறையேறக் கற்றுக்கொடுப்பவர்களுக்கான தேர்வுக்குக் கப்பலில் மெயின்லேண்ட் போகப்போகிறாராம். பி.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு வயிறு எரிந்தது.

“தனியாவா போறீங்க? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டேன்.

“சொன்னாங்க. ஜஹாஜ்ல டிக்கெட் எடுத்தாச்சுன்னுட்டேன்.” சிரித்தபடி முடிச்சையும் அதன் படத்தையும் நீட்டினார். “போட்டவங்களே சரிபார்க்கக் கூடாதுக்கா, இன்னொருத்தர்தான் பார்க்கணும். நீங்க சரின்னா நம்பித் தொங்கிடுவேன்.”

ஓரிடத்தில் கயிறு படத்துக்கு மாறாகப் போயிருந்தது. “சரிதான் டீச்சர்,” என்றேன்.

“அச்சா!” என்று பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையோடு படகுத்துறையில் பின்னாலேயே ஓடிப்போய், “டீச்சர், அது தப்பு,” என்றேன்.

எடுத்துப் பார்த்தார். “ஆமா. எப்பக்கா தெரிஞ்சுது?”

“இப்பத்தான்.”

மறுநாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். குழந்தையைக் கொஞ்சினார். முடிச்சைப் போட்டு முடித்ததும் கயிற்றை எதிரில் இருந்த போலீஸ்காரரிடம் நீட்டினார். என்னைப் பார்த்து எப்போதும்போலத்தான் சிரித்தார்.