எட்டாவது குரல்

கடலில் நின்று ஆட்களை எண்ணக் கூடாது. வாகரைக் கரையில் பிறந்த கனகசூரியத்துக்கு அது தாய்ப்பாலோடு ஊறிய பயம். எண்ணினால் கடல் காது கொடுத்துக் கேட்கும், கேட்டு ஒன்றைக் குறைக்கும் என்பார் அவனுடைய அப்பா. படித்தவர்கள் சிரிக்கட்டும். சுனாமிக்கு அந்தக் கரையில் நின்றவன் அவன், சிரித்தவர்கள் அல்ல.

இப்போது பாசிக்குடாவில் படகு ஓட்டுகிறான். வெள்ளைக்காரரைப் பவளப்பாறைக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவிட்டுக் கொண்டுவர வேண்டும். எண்ணாமல் எப்படி? ஏறும்போதே ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவான். திரும்பி ஏறியதும் அவரவர் எண்ணை அவரவர் பாஷையில் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் கொள்ளும் படகு என்பதால் எட்டு வந்தால்தான் அவனுக்கு மூச்சு வரும். இத்தாலிக்காரர் ‘ஒத்தோ’ என்பார்கள், ஸ்பெயின்காரர் ‘ஓச்சோ’, பிரான்ஸ்காரர் ‘உயித்’, போர்த்துக்கல்காரர் ‘ஓய்த்து’. எல்லாம் லத்தீன் ‘ஒக்தோ’ என்ற ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் என்று படகில் வந்த ஒரு இத்தாலி வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். பழைய போர்த்துக்கீசம் பேசும் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டிலும் அந்தப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்பது அவனுக்கு முன்பே தெரியும்.

“அண்ணே, கடலுக்கு இத்தாலி தெரியாதெண்டு ஆரு சொன்ன?” என்பான் இயந்திரம் பார்க்கும் ஓட்டமாவடி இர்ஷாத். “அந்த நாட்டுக் கப்பலும் இதிலதானே ஓடுது!”

“வாயப் பொத்துடா. அது கேட்டிரப் போகுது.”

அன்று காற்றுத் திரும்பியது, தண்ணீர் கறுத்தது. எல்லாரையும் கூப்பிட்டு ஏற்றினான். ஒன்று முதல் ஏழு வரை குரல் வந்தது. பிறகு அலைச் சத்தம்தான். மறுபடி சொல்லச் சொன்னான். ஏழோடு நின்றது.

“அண்ணே, தலைய எண்ணுங்க!”

“ஏலாது.”

“அப்ப நான் எண்ணுறன். ஒண்டு, ரெண்டு...”

கனகசூரியம் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான். கடைசி நேரத்தில் ஓடிவந்து எட்டாவதாக ஏறிய பெண்ணைக் காணவில்லை. இனி எண்ணாமல் இருந்து எதைக் காப்பாற்றப் போகிறான்? கையை எடுத்துவிட்டு அவனே தமிழில், உரக்க, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினான். ஏழு.

அவளுடைய பெயரும் தெரியாது, நாடும் தெரியாது. அவன் கொடுத்த எண் ஒன்றுதான் அவளுக்கு அவன் அறிந்த பெயர். “ஒத்தோ! ஓச்சோ! உயித்!” என்று தொண்டை கிழியக் கத்தினான். படகில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். காற்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. “ஓய்த்து!” என்று கடைசியாகக் கத்தினான்.

பாறைக்கு அங்கால் இருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது: “ஓய்த்து...”

“சுறுக்கா வாடா, கயித்த விடு!” என்று இர்ஷாத்திடம் கத்திவிட்டுக் குதித்தான். பழைய வலைத்துண்டு ஒன்று அவள் காலைப் பாறையோடு கட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் தலை அமிழ்ந்து எழுந்தது. கத்தியால் அறுத்தான். அவசரத்தில் தன் விரலையும் அறுத்துக்கொண்டான்.

படகில் ஏற்றியதும் அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். பிடித்த மணிக்கட்டை அவன் விடவில்லை.

“அண்ணே, விடுங்க. அந்தப் பிள்ளைக்கு நோகுது.”

“நீ ஓட்டு,” என்றான். பற்கள் அடித்துக்கொண்டன.

கரை மணலில் அவள் கால் பதியும் வரை அந்தக் கையை அவன் விடவேயில்லை.