சோறும் ஆணமும்

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், யாழ்ப்பாணத்திலிருந்து சிவனொளிபாத மலைக்கு விரதமிருந்து நடந்தோம். மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது என் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அந்தப் பழைய நகரத்துக் கோயில் மடத்தில் இரண்டு நாள் தங்கினோம்.

முதல் நாள் மதியம், எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா ஒருவர் சோற்றுப் பொட்டலங்களும் சட்டியுமாக வந்தார்.

"சோறும் ஆணமும் கொண்டாந்திருக்கேன். பசியாறுங்க."

ஆணம் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. இறைச்சிக் குழம்பென்று நானாகவே முடிவுகட்டினேன். கால்வலி வேறு.

"நாங்கள் விரதகாரர். மச்சம் தொடமாட்டம். கொண்டு போங்கோ!" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தேங்காய்ப்பால் விட்ட பருப்பு.

"எங்க ஊட்டுல எந்தக் கொழம்பும் ஆணந்தாங்க. பழைய சட்டி உங்களுக்கு ஆகாதுன்னு புதுசு வாங்கி ஆக்கினேன்."

பார்த்தேன். சட்டியின் அடியில் மட்டுந்தான் கரி. மேலெல்லாம் புதுமண் சிவப்பு. அன்று தலை நிமிராமலேதான் சாப்பிட்டேன்.

மறுநாள், அவர் வருமுன்பே நொண்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"இண்டைக்கு என்ன ஆணம், அக்கா?"

சிரித்த சிரிப்பில் அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மலையுச்சியில் என்ன வேண்டினேன் என்பது மறந்துவிட்டது. வீட்டில் பருப்பு சமைத்தால் மட்டும், இன்றும் என் வாயில் ஆணம் என்றுதான் வருகிறது.