பார்த்தேன், சரி

எனக்குக் கோபம் வந்தா அரசியல் பேசுவேன். அரசியல் பேசினா இன்னும் கோபம் வரும். டெல்லி ஆர்.கே.புரத்துல எங்க பிளாக் ஆட்களுக்கு இது நல்லாத் தெரியும். பால் பூத்துல என்னைப் பார்த்தா தக்காளி விலையோட பேச்சை முடிச்சுக்கிட்டு நழுவிடுவாங்க.

ஒரு தேர்தல் சமயம். காலையில இட்லிப் பானையைத் திறக்கிற நேரத்துல போன் அடிச்சுது. எடுத்தா, தினம் டிவியில வர்ற ஒரு தலைவரோட குரல். என் பேரைச் சொல்லி, நல்ல தமிழ்ல, "சௌக்கியமா இருக்கீங்களா?"ங்குது. அந்த மனுஷனுக்கு வணக்கத்தைத் தாண்டித் தமிழ் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். "யாருங்க பேசுறது?"ன்னு நான் கேக்கக் கேக்க, குரல் பாட்டுக்கு வாக்குறுதி கொடுத்துக்கிட்டே போச்சு. கடைசியிலதான் புரிஞ்சுது, அவர் குரல்ல பேசுறது மிஷின். அதுக்குப் போய் 'ங்க' போட்டு மரியாதை கொடுத்தேனேன்னு அன்னைக்குப் பூரா எரிச்சல். "இனிமே நம்மளை ஏமாத்த ஆள்கூட வேண்டாம், பாத்துக்கோங்க"ன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லித் திரிஞ்சேன். நீங்கள்லாம் ஏமாறுவீங்க, நான் ஏமாற மாட்டேன்னு அதுக்கு அர்த்தம். அவ்வளவு திமிர் எனக்கு.

திமிருக்குக் காரணம் இருந்துச்சு. முப்பத்தோரு வருஷம் மத்திய அரசு உத்தியோகம். கிளார்க்கா நுழைஞ்சு செக்‌ஷன் ஆபீசர் ஆனவ. ஊர்ல, அதாவது திருநெல்வேலிப் பக்கம், எங்க சொந்தக்காரங்க நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் க்ரூப் வச்சிருக்காங்க. அதுல இந்தி தெரிஞ்சவ நான் ஒருத்திதான். என் பொண்ணுக்கும் இந்தி வரும், ஆனா டெல்லியில பொறந்த அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால அவ அந்தப் பக்கமே வர்றதில்ல. வடக்கேயிருந்து ஏதாவது வீடியோ வந்தா க்ரூப்பே எனக்காகக் காத்திருக்கும். ஃபைல்ல நோட் போடுற பழக்கத்துல நான் கீழே "பார்த்தேன், சரி"ன்னு எழுதுவேன். இல்லேன்னா "பார்த்தேன், பொய்". அதுக்கு அவங்க வச்ச பேர் டெல்லி சீல். கிண்டல்தான், ஆனாலும் எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்து போகும்.

ஃபைல் விஷயத்துல ஒரு ரகசியம் உண்டு, எங்க வர்க்கத்துக்கு மட்டும் தெரிஞ்சது. ஏற்கெனவே மூணு கையெழுத்தோட ஒரு ஃபைல் வந்தா, நாலாவது ஆள் படிக்க மாட்டாங்க. படிக்கணும்னுதான் விதி. ஆனா மூணு பேர் பார்த்ததுல என்ன தப்பு இருக்கப்போகுதுன்னு போட்டுத் தள்ளிடுவோம். காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தப்போ இது மாறும்னு சொன்னாங்க. என்ன மாறுச்சு? பேனாவைத் திறக்கிற நேரமும் மிச்சமாச்சு.

அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனைப் பார்த்தேன். பேங்க் மேனேஜரா இருக்கிற அத்தான் ஒரு வீடியோ போட்டிருந்தாங்க. ரயில்வே பிளாட்பாரம், சுத்திலும் கூட்டம், நடுவுல அழுக்குச் சட்டையில ஒருத்தன் கையைக் கூப்பி ஏதோ சொல்றான். கீழே தமிழ் எழுத்து ஓடுது: நாங்க பத்துப் பேர் தெற்கே வந்திருக்கோம், பிள்ளைகளைத் தூக்கத்தான் வந்தோம், விட்டுடுங்க. ஹெட்மாஸ்டரா இருந்த சித்தப்பா "எச்சரிக்கை"ன்னு போட்டிருந்தார். நர்ஸா இருக்கிற மதினி "உண்மைதான் போல"ன்னு போட்டிருந்தாங்க. அத்தானோட சேர்த்து மூணு பேர் ஆச்சு. என்கிட்ட இயர்போன் இல்ல. சத்தத்தை வைக்காமலே நாலு விநாடி பார்த்தேன். கூப்பின கையைப் பார்த்ததும் குத்தவாளின்னு முடிவு பண்ணிட்டேன். "பார்த்தேன், சரி." என் ஸ்டாப் வந்துச்சு, இறங்கிட்டேன்.

ஊர்ல என் தம்பி வீட்டு மாடியில ஒரு பீகார்க் குடும்பம் குடியிருந்துச்சு. புருஷன் டைல்ஸ் போடுறவன். ஒரே பொண்ணு, ரெண்டாங்கிளாஸ், திருநெல்வேலித் தமிழை வெளுத்து வாங்கும். பொங்கலுக்கு நான் போயிருந்தப்போ அவ அம்மாகிட்ட இந்தியில நாலு வார்த்தை பேசினேன். அந்தப் பொம்பளை என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. வெளியில ஒரு பொம்பளை நேர்ல இந்தி பேசிக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சாம். பஸ்ஸுல அந்த ரெண்டு வார்த்தையை அடிக்கும்போது அவங்க ஞாபகம் எனக்கு வரவே இல்ல.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு, சும்மா பொழுதுபோக, சத்தத்தோட அந்த வீடியோவைப் போட்டேன். ஒரு வாய்கூட இறங்கல. அந்த ஆள் இந்தியில சொன்னதுல ஒரு வார்த்தைகூடக் கீழே இருந்த தமிழ்ல இல்ல. "ஐயா, என் பொண்ணு கூட்டத்துல கையை விட்டுடுச்சு. நாலு வயசு, மஞ்சக் கவுன். பேர் கேட்டாச் சொல்லும். யாராவது பார்த்தீங்களா, ஐயா"ன்னு கும்பிட்டுக் கெஞ்சிக்கிட்டிருக்கான். அந்தத் தமிழை எழுதினது மிஷினா மனுஷனா, எனக்குத் தெரியாது. மிஷின்னா யாரோ ஏவி விட்டிருக்கணும். மனுஷன்னா அவன் நல்லா இருக்க மாட்டான்.

தம்பிக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அஞ்சாவது தடவை எடுத்தான்.

"எக்கா, இப்பத்தான் மாடிக்காரவங்களைக் காலி பண்ணச் சொன்னேன்."

"ஏலே, கூறு இருக்கா உனக்கு? அந்த வீடியோ பொய்!"

"நீதான சரின்னு போட்டே? தெருவே வாசல்ல வந்து நிக்கி. நம்ம க்ரூப்புலேர்ந்து யாரோ ஃபார்வேர்ட் பண்ணிட்டாவ, நீ போட்டதைக் காட்டித்தான் கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

உடனே க்ரூப்புல எழுதினேன். ஆபீஸ் பாணியில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பாரா போட்டு, அந்த ஆள் பேசினதை வரிக்கு வரி தமிழ்ல கொடுத்து, தப்பு முழுக்க என்னோடதுன்னு முடிச்சேன். ரெண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க. அத்தான் மட்டும், "டெல்லியில உத்தியோகத்துல இருந்துக்கிட்டு நீ வேற எப்படிச் சொல்ல முடியும், புரியுதும்மா"ன்னு போட்டாங்க. பொய்க்கு முத்திரை குத்தினப்போ நான் அதிகாரி. நிஜத்தைச் சொன்னா மிரட்டப்பட்டவ. இந்த நாட்டுல இப்போ நடக்குற அரசியல் என்னன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன். எந்தக் கட்சிக்காரன் வந்து சண்டை போட்டாலும் சரி.

மூணு மணிக்குப் பக்கத்து செக்‌ஷன் தமிழம்மா ஓடி வந்தாங்க. "பாத்தீங்களா, எங்க க்ரூப்ல வந்துச்சு, பயமா இருக்கு." அதே வீடியோ. மேல தடிச்ச எழுத்துல: டெல்லி மத்திய அரசு அதிகாரி உறுதி செய்தது. "அந்த அதிகாரி நான்தான்"னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க, நான் தமாஷ் பண்றேன்னு. எனக்கு அந்த இடத்துலயே ஓன்னு அழணும் போல இருந்துச்சு.

திரும்பத் தம்பியைப் பிடிச்சேன். நான் எழுதினதை வாசல்ல நின்னு சத்தமா வாசிச்சிருக்கான். பாதிப் பேர் கலைஞ்சுட்டாங்களாம், பாதிப் பேர் எதிர்த்த வீட்டுப் படியில உக்காந்திருக்காங்களாம். "இருக்கச் சொல்லிட்டேன்க்கா. ஆனா அவன் டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போயிட்டான்"னான். "போனை மாடிக்குக் கொண்டு போ"ன்னேன்.

அந்தப் பொம்பளை "ஹலோ தீதி"ன்னா, இந்தியில அக்கான்னு அர்த்தம். பின்னாடி பாத்திரம் கட்டுற சத்தம் கேட்டுது. நான் ஒண்ணையும் மறைக்கல. வீடியோவைக் கேக்காமலே சரின்னு எழுதினது நான்தான்னு சொன்னேன். அந்த ஆள் நிஜமா என்ன சொல்லி அழுதான்னு சொன்னேன். மன்னிச்சுக்கோ, போகாதே, தம்பி இருக்கச் சொல்றான், பொண்ணோட படிப்பு கெடும்னு என்னென்னவோ சொன்னேன். அவ குறுக்கே பேசாமக் கேட்டுக்கிட்டா.

"இன்னைக்கு நீங்க இருக்கீங்க, தீதி, பொய்னு சொல்ல. நாளைக்கு இன்னொண்ணு வந்தா?"ன்னா. கோபமே இல்ல அந்தக் குரல்ல. அவ ஏசியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

போனை வச்சுட்டாளோன்னு பார்த்தேன், வைக்கல.

"தீதி, அந்த மஞ்சக் கவுன் பொண்ணு கிடைச்சுதா?"

காலையிலேர்ந்து எத்தனை பேர் பார்த்த வீடியோ அது. யாரும் கேக்கல. அதைச் சத்தத்தோட கேட்டுப் பதறின நான்கூட அதைக் கேக்கல. "தெரியாது"ன்னேன்.

"விசாரிச்சுச் சொல்லுங்க. டெல்லியில உங்களுக்கு எல்லாரையும் தெரியுமே"ன்னா.

அன்னைக்குச் சாயங்காலமே அவங்க ரயில் ஏறிட்டாங்க. விசாரிக்கிறேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன். யார்கிட்டப் போய் விசாரிக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.