நெஞ்சில் ஏறாத பிள்ளை

கூஸ்கோ மலைச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் கசிமிராவை யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. அங்கே தெரிந்தவர் எதிரே வந்தால் தோளில் கைபோட்டு அணைக்காமல் போவது மரியாதை இல்லை. கசிமிராவோ, "கையெல்லாம் மண்ணு" என்று முழங்கையை நீட்டுவாள். கை கழுவிய பிறகும் நீளுவது முழங்கைதான். பனியில் உறையவைத்து, மிதித்து, காயவைக்கும் கிழங்குக்குச் சூன்யோ என்று பெயர். சந்தைக்காரிகள் அதையே அவளுக்கும் வைத்துவிட்டார்கள், அவள் வாய்க்குப் பயந்து முதுகுக்குப் பின்னால்.

அவள் அம்மா ஃபோர்த்துனாத்தாவிடம் இதற்குக் காரணம் தயாராக இருந்தது. பிறந்த கையோடு பிள்ளையை ஆஸ்பத்திரிக்காரர்கள் தூக்கிப்போய் இரவெல்லாம் இரும்புத் தட்டில் கிடத்தினார்கள். வீட்டு அடுப்படியில் புதைக்க வேண்டிய நஞ்சுக்கொடியைக் குப்பையில் எறிந்தார்கள். "குளிரு எலும்புல ஏறிடுச்சு. அவ என்ன பண்ணுவா?" என்பாள்.

கசிமிராவும் அதை நம்பினாள். பழி தன்மேல் இல்லை என்பது சௌகரியமாகத்தான் இருந்தது, வயிற்றில் பிள்ளை தங்கும்வரை. அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது.

"பிள்ளையைத் தூக்க எனக்குக் கை வரலைன்னா?" என்று ஒருநாள் கிழங்கு உரித்தபடி புருஷனிடம் கேட்டாள்.

"நான் தூக்கறேன். பால்தான் எனக்கு வராது" என்றான் எலூத்தேரியோ.

அவள் சிரிக்கவில்லை. கண்ணீர் கிழங்கின்மேல் விழுந்தது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் அவன், அடுப்பருகே இருந்த மாமியார் பக்கம் திரும்பினான்.

"அத்தை, அந்த ஒரு ராத்திரி சரி. வீட்டுக்கு வந்தப்புறம் இவளை யாரு தூக்கி வெச்சிருந்தது?"

"தூக்கறதா? குளிரடிச்ச பிள்ளை! பெத்த உடம்புல ஒட்டினா எனக்கும் குளிரு ஏறும்னு ஊரே சொல்லுச்சு. நல்லா இறுக்கிச் சுத்தி அடுப்புப் பக்கத்துலயே போட்டு வெச்சேன். மழைக்காலம் முழுக்க. பால் குடுக்கறதுகூடக் கம்பளிக்கு மேலதான். அடுப்படியில வளர்ற கினிப்பன்றிங்கதான் துணை."

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ உறைத்தது.

"அப்போ ஆஸ்பத்திரி ஒரு ராத்திரி. நீ ஒரு மழைக்காலம்" என்றாள் கசிமிரா.

அன்று முழுக்க அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். எலும்பில் குளிரும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் கைக்கு யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது.

பிரசவம் ஊர் மருத்துவ நிலையத்தில் நடந்தது. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து அவள் மண்டியிட்டிருக்க, எலூத்தேரியோ பின்னாலிருந்து தாங்கிக்கொண்டான். பெண் பிள்ளை. நர்ஸ் அதை ஈரத்தோடு அவள் நெஞ்சில் வைத்தாள். கசிமிராவின் இரண்டு கைகளும் காற்றிலேயே நின்றன.

நஞ்சுக்கொடி வாங்கப் பானையோடு வந்திருந்த ஃபோர்த்துனாத்தா கதவோரம் நின்றாள்.

"பிடிச்சுக்கடி. குளிரடிச்சா அடிச்சிட்டுப் போகுது."

கைகள் மெல்ல இறங்கின. இறங்கியவை இறுகின.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்தாள். "குடுங்கக்கா, எடை பார்த்துட்டு உடனே தந்துடறேன்."

"முடியாது" என்றாள் கசிமிரா. "நானும் தராசுல ஏர்றேன். ரெண்டு பேரையும் சேர்த்து நிறு. அப்புறம் என்னைக் கழிச்சுக்கோ."