பார்த்தால் ஓடும்

கள்ளக்குறிச்சி சேவை மையத்தில் என் உயிர்ச் சான்றைப் பதியும்போதெல்லாம் மென்பொருள் நின்றுபோனது. பதியாவிட்டால் அடுத்த மாத ஓய்வூதியம் வராது.

நான் புகார் கொடுத்ததும் சரிசெய்ய வந்தவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். சோதனைக்காக இல்லாத ஒருவரின் பெயரைக் கொடுத்து, நிரலை ஒவ்வொரு வரியாக, “ம், போ” என்று மாடு ஓட்டுவதுபோல் முணுமுணுத்தபடி நகர்த்தினார். இல்லாதவருக்கு உயிர்ச் சான்று வந்தது. என் பெயரை வழக்கமான வேகத்தில் ஓட்டியதும் நின்றது.

“நான் பாத்துக்கினு இருந்தா ஓடுது சார். வேகமா வுட்டா உள்ள ரெண்டு வேல ஒண்ணோட ஒண்ணு முட்டிக்குது.”

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு ஆபீஸ் ஓடுற மாதிரி” என்றேன்.

சிரித்தார்.

“சரியாகாம புகாரை முடிக்கக் கூடாதும்மா.”

“முடிக்க மாட்டேங்க சார்.”

மாலையில் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: ‘ஆய்வின்போது பழுது காணப்படவில்லை. புகார் முடிக்கப்பட்டது.’

நானும் பல கோப்புகளில் எழுதிய வாக்கியம்தான். வரி வரியாக ஆய்ந்தபோது ஓடத்தானே செய்தது; அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தப் பெண்ணின் சிரிப்பை மெய்யில் சேர்ப்பதா பொய்யில் சேர்ப்பதா என்றுதான் இன்னும் தெரியவில்லை.