ஐந்து நாற்காலிகள் காலியாக இருந்த கூட்டம்

ஜனவரி 12, ஞாயிறு, பிற்பகல் 2:10. வெளியே 27 டிகிரி ஃபாரன்ஹீட், பொடிப்பனி. நான் குடியிருக்கும் பார்சிப்பனியிலிருந்து பத்தொன்பது மைல் ஓட்டிப் போய், ஒரு சர்ச்சின் பேஸ்மென்ட்டில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்காளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், குடியிருப்போர் சங்கங்கள் அமைக்க உதவும் ஒரு சிறு அமைப்பில் பகுதிநேரம் வேலை பார்த்தேன். அந்த ஊர் அபார்ட்மென்ட் ஒன்றில் மூன்று வாரமாக ஹீட்டர் சரியாக ஓடவில்லை. இருந்தவர்கள் எல்லாம் குவாத்தமாலா, ஹோண்டுராஸ் குடும்பங்கள். தனித்தனியாகப் போனவர்களை மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். சங்கமாக வந்தால் பேசலாம் என்றாராம். எங்களைத் தேடி வந்தவர் மூன்றாம் மாடி கார்மென். அவர் பேத்திக்கு நாலு மாதம்.

நான் தமிழ்ச் சங்கத்தில் ஒன்பது ஆண்டு செயலாளர். அங்கே போடுவதுபோலவே முன்னால் ஒரு மேசை, அதன் பின்னால் நிர்வாகிகளுக்கு ஐந்து நாற்காலி, சட்டதிட்டம் அறுபது பிரதி. முப்பத்தொரு பேர் வந்தார்கள். தலைவர் பதவிக்குப் பெயர் கேட்டேன். மறுபடி கேட்டேன். பின்வரிசையில் கோட்டு மாட்டிக் கிளம்பத் தொடங்கினார்கள். மிச்சம் இருபத்தாறு. இருபத்திரண்டு.

டீ ஊற்ற வந்திருந்த என் மனைவி காதருகே சொன்னாள்: "நம்ம சங்கத்துல அஞ்சு சேருக்குப் பதினஞ்சு பேர் அடிச்சுக்குவாங்க. இங்க ஒருத்தரும் வேணாங்கறாங்க. இவங்களக் கும்புடணுங்க."

கார்மென் ஆங்கிலத்தில் கேட்டார்: "மிஸ்டர் சுந்தரம், பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னே இவங்களுக்குத் தெரியாது. யாரைத் தலைவராக்குவாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் ஐந்து நாற்காலியையும் இழுத்து வட்டமாகப் போட்டார். கொண்டுவந்திருந்த தமாலேயைப் பிரித்தார். மக்காச்சோள மாவில் கறி வைத்து அவித்தது. தட்டு இல்லை. என் சட்டதிட்டத்தை ஆளுக்கொன்று கொடுத்து அதன்மேல் வைத்தார். கோட்டு மாட்டியவர்கள் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே, தங்கள் வீட்டில் ஹீட்டர் நிற்கும் நேரத்தைச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் இரவு பத்து. தன் வீட்டில் மட்டும்தான் கோளாறு என்று ஒவ்வொருவரும் இத்தனை நாள் நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் இருபத்திரண்டு பேரும் மேனேஜர் அறைக்குப் போனோம். தலைவர் யார் என்றார். "நாங்கதான்" என்றார் கார்மென். ஒன்பதாம் நாள், கட்டடம் முழுவதையும் சூடாக்கும் புது பாய்லர் வந்தது.

கார்மென் இப்போது டெக்சாஸில், மகளோடு. பேத்தி பள்ளிக்குப் போகிறாளாம். சங்கம் தானாகவே நடக்கிறது, என்னைக் கூப்பிடுவதில்லை. அப்படி ஆகத்தான் வேலை பார்த்தோம். டீ ஊற்றியவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் ஞாயிறு மதியமானால் கார் சாவியைத் தேடுகிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று: பதவிக்கான நாற்காலியைக் கடைசியில் போடுங்கள்.

சட்டதிட்டம் நகலெடுக்கப் பிரதி ஒன்றுக்குப் பத்து சென்ட். அமைப்புக்கு ஐம்பத்தொன்பதுக்குத்தான் பில் கொடுத்தேன். எண்ணெய்க் கறை படிந்த ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். என் கைக்காசு, பத்து சென்ட்.